இரண்டு வயதில் இறந்துபோன என் அத்தை

என் அத்தையை நான் கொன்றது என் மகளின் கல்யாணத்தன்று, காலை ஒன்பது மணியளவில், கொட்டகலையில் ஒரு மண்டபத்தில், நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆயுதம், பத்தடி அகலத்தில் ஒரு பிளெக்ஸ் பதாகை. எங்கள் குடும்ப மரம் அதில் கிளை கிளையாகப் பிரிந்து நின்றது. மூன்றாவது கிளையில் அத்தையின் வண்ணப்படம்: எழுபத்தைந்து வயது, நரைத்த தலை, மூக்கில் பேசரி, வாய் நிறைய வெற்றிலைச் சிரிப்பு. படத்துக்குக் கீழே பிறந்த தேதி. அதற்குப் பக்கத்தில் இறந்த தேதி. கழித்துப் பார்த்தவர்களுக்கு அவள் இரண்டு வருஷமும் சில மாதங்களும் வாழ்ந்து மறைந்தவள் என்று தெரிந்தது. அத்தை அப்போது பதாகைக்கு நேர் முன்னால், கையில் தேத்தண்ணிக் கோப்பையுடன் நின்றுகொண்டிருந்தாள்.

அச்சடித்தவள் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக "ஆவணம் பொய் சொல்லாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். சம்பந்தி வீட்டார் கண்டியில் கடை வைத்திருக்கிறவர்கள். கல்யாணப் பேச்சுக்காக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது அவர்கள் கூடத்தில் ஐந்து தலைமுறையின் படங்கள் சந்தன மாலையோடு வரிசையாகத் தொங்கின. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது ஒரு நாட்காட்டி. அந்தக் கடுப்பில்தான் ஆராய்ச்சியாளன் ஆனேன். மற்றவர்கள் இதைப் பொறாமை என்றார்கள். நான் வரலாற்று உணர்வு என்றேன்.

அத்தையின் பெயரை இங்கே எழுதவில்லை. மரியாதை காரணமல்ல, எழுத ஒன்று இல்லை. அது எப்படி இல்லாமல் போயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இனி நான் எதை எழுதினாலும் எந்தக் காகிதத்திலும் அவளுக்குக் கெடுதல் வராது.

அவளை அறிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். யாராவது ஒரு பெயரைக் கூப்பிட்டு அதற்குப் பதில் வராமல் போனால் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. அது யார் பெயராக இருந்தாலும்.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்த காலம். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பெயர்ப் புத்தகத்தைத் திறந்து வாசிப்பார். ஒரு பெயருக்குச் சத்தம் வராது. இரண்டாம் முறை கூப்பிடுவார். கம்பளிக்குள் முடங்கி நிற்கிற கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வரும்.

"இருக்கேங்க!"

"நீ மாரியாயியா?"

"இல்லீங்க. அவ வந்துக்கிட்டிருக்கா. வர்ற வரைக்கும் நான் இருக்கேங்க."

"ஒரு ஆளு ஒரு ஆளாத்தான் இருக்கணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

கணக்கப்பிள்ளை அடுத்த பெயரை வாசிப்பார். அதற்கும் பதில் வராது. "இருக்கேங்க!"

டவுன் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். வெளிநோயாளர் பிரிவில் நம்பர் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்றாம் நம்பர்காரர் கடைக்குப் போயிருப்பார். அத்தை எழுந்து உள்ளே போய்விடுவாள். டாக்டர் உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டால், வாங்குப் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஆள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். கால் வலிக்கு மருந்தை வாங்கிக்கொண்டு வந்து, அவரைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்து, எத்தனை வேளை என்றும் விளக்குவாள். இதற்குள் அவளுடைய நம்பர் போயிருக்கும். அதற்குப் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு என் அம்மாவால் வர முடியவில்லை. தலைமையாசிரியர் "இவனோட அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டதும் பின்வரிசையிலிருந்து அத்தை எழுந்து நின்றுவிட்டாள். அவள் தன் மகனுக்காக வந்தவள். என்னைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டு, கண்ணைத் துடைத்து, பதிவில் கைநாட்டும் வைத்தாள். அடுத்த வருஷம் என் சொந்த அம்மா போனாள். தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? இவன் அம்மாவ எனக்கு நல்லாத் தெரியும். பொறுப்பான பொம்பள."

அம்மா அத்தையோடு ஒரு மாதம் பேசவில்லை. "பொறுப்பான பொம்பள வர்றா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வட்டகொடையில் ஒரு கத்தோலிக்கச் சிநேகிதியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. கோயிலில் பாதிரியார் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நெற்றி நிறையத் திருநீறோடு அத்தை, "இருக்கேன் ஃபாதர்" என்று மெழுகுதிரியை வாங்கிக்கொண்டாள். அந்தக் குழந்தை இப்போது மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அத்தை இருந்தவரைக்கும் ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் அவளுக்குக் கேக் வந்தது.

ஆக, என் ஆராய்ச்சியில் முரண்பாடுகள் வந்தது ஆச்சரியமல்ல. பள்ளிக்கூடப் பதிவுப்படி அவள் எனக்கு அம்மா. கோயில் பதிவேட்டில் அவள் யாரோ ஒரு ஞானத்தாய். இவற்றையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிட்டேன். ஒதுக்க முடியாதது ஒன்றுதான்.

தாத்தாவின் பிள்ளைகள் பெயரைக் கொடுத்துப் பதிவகத்தில் பிரதி கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து வந்த உறையில் ஒரு பெண் குழந்தையின் பிறப்புப் பதிவு இருந்தது. அதே பெயரில், அதே தகப்பன், அதே தாய், ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்த குழந்தையின் மரணப் பதிவும் இருந்தது. வயது இரண்டு. அத்தையின் மகன், அதாவது என் மச்சான், வாட்ஸ்அப்பில் அனுப்பிய அத்தையின் அடையாள அட்டையில் அதே பெயர், அதே பிறந்த தேதி.

அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, அட்டையில இருக்கிற பேருதானே உங்க பேரு?"

"ஆமா தம்பி."

"தேதியும் சரிதானே?"

"ஆமா தம்பி. சாப்பிட்டியா?"

அதற்குமேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை. "நீங்கள் இரண்டு வயதில் இறந்தீர்களா?" என்று ஒரு பெரிய மனுஷியிடம் எப்படிக் கேட்பது? ஒரே ஆள் பட்டியலில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது என்று முடிவு செய்தேன். அட்டனில் பிளெக்ஸ் அடிக்கிற பெண்ணிடம், "தங்கச்சி, மூணாவது கிளையில ஒரு ஆளு ரெண்டு பெட்டியில வந்திருக்கு, ஒண்ணாக்கிருங்க" என்றேன். அவள் சொன்னதைச் செய்கிற பெண். ஒரு பெட்டியின் படத்தையும் இன்னொரு பெட்டியின் தேதிகளையும் ஒன்றாக்கினாள். சரி பார்க்கச் சொல்லி போனுக்கு அனுப்பினாள். நான் என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முடி அடர்த்தியாகத் தெரிந்தது. "மிகச் சரி" என்று பதில் போட்டேன்.

கல்யாண மண்டபத்துக்கு வருவோம்.

அத்தைக்கு அவ்வளவாக வாசிக்க வராது. தன் படத்தைப் பார்த்து, "நல்லாத்தான் விழுந்திருக்கேன்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு வாசிக்க வரும். அவன் முகம் கறுத்து என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"டேய், எங்கம்மாவ கொன்னுட்டியேடா!"

"சின்னப் பிழை மச்சான்."

"சின்னப் பிழையா? கவர்மெண்டு குடுக்கிற தனி வீட்டு லிஸ்ட்ல அம்மா பேருதான் இருக்கு. அடுத்த மாசம் கிராம சேவகர் கையெழுத்து வைக்கணும். அந்த மனுசன் இன்னைக்குச் சாப்பிட வர்றாரு. நான்தான் கூப்பிட்டேன். செத்தவளுக்கு எவன்டா வீடு குடுப்பான்? அவுத்து எறி இத!"

அவன் பயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து தோட்டத்து வரிசை வீட்டில், ஒற்றை லயத்துக் காம்பராவில் இருந்த பெண்ணுக்கு முதன்முதலாக ஒரு தனி வீடு வரப்போகிறது. அதை நான் பத்தடி அகலத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், தெளிவான எழுத்தில் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். பதாகையை அவிழ்க்க ஓடினேன். சட்டத்தில் நாலு மூலையிலும் கம்பி போட்டு முறுக்கியிருந்தார் பந்தல்காரர். நல்ல வேலைக்காரர். ஒரு மூலைகூட அசையவில்லை.

அதற்குள் கிராம சேவகர் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். யாரும் அழைக்காமலே நேராகப் பதாகைக்கு முன்னால் போய் நின்றார். படத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பக்கத்தில் நிற்பது யார் என்று பாராமலே கேட்டார்:

"மே அம்மா மெருணாத?"

இந்த அம்மா செத்துப்போயிட்டாங்களா என்று அர்த்தம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். நான் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் மறந்தேன். மண்டபத்தின் அந்தப் பகுதியில் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஆகவே பதில் வந்தது.

"நே மாத்தயா! மம இன்னவா!"

இல்லை ஐயா, நான் இருக்கிறேன். பெரட்டில் கேட்ட அதே குரல், மொழிதான் வேறு.

கிராம சேவகர் திரும்பி அத்தையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். விரல்விட்டு வருஷத்தைக் கழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு வயதில் இத்தனை நரைமுடியா என்று கேட்டு, அச்சுக்காரர்களே இப்படித்தான், தன் பெயரைக்கூடத் தன் தங்கை கல்யாணத்தில் பிழையாகப் போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பக்கம் போனார். அடுத்த மாதம் கையெழுத்தும் வைத்தார். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாதே. மச்சான் சமையல்காரரிடம் கத்தி கேட்டுக்கொண்டிருந்தான்.

அத்தை என் கையைப் பிடித்துப் பதாகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"அவர் என்னமோ தேதி பாத்து எண்ணினாரே. அத வாசி தம்பி."

பயந்துகொண்டே வாசித்தேன்.

"என்ன கெழமை?"

போனில் தேடிச் சொன்னேன். புதன்.

"புதன்கெழமையா," என்றாள். அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"அது பிழை அத்தை. மன்னிச்சிருங்க. இப்பவே கிழிச்சிடுறோம்."

"பிழையில்ல. அது அக்கா செத்த நாளு. எனக்கு யாரும் சொன்னதில்ல."

எந்த அக்கா என்று கேட்டேன். அத்தை சிரித்தாள். எட்டு மாதம் ஆராய்ச்சி செய்தவனைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடிய சிரிப்புத்தான்.

"அவ போய் ஒரு வருசத்துல நான் பொறந்தேன். எங்கப்பா எனக்குப் பேப்பர் எடுக்கப் போகல. அக்கா பேப்பர் சும்மாதானே கெடக்கு, நல்லாத்தானே இருக்குன்னு பொட்டிக்குள்ள வச்சிக்கிட்டாரு. அவ கவுன நான் போட்டேன். அவ பேப்பரையும் நானே போட்டுக்கிட்டேன். அதுல மூணு வயசு கூட. அதனால மூணு வருசம் முந்தியே பேரு பதிஞ்சு கொழுந்துக்குப் போயிட்டேன்."

"அப்ப உங்க சொந்தப் பேரு?"

"வீட்டுல ‘சின்னவ’ன்னு கூப்பிட்டாங்க. பேப்பர்ல ஒண்ணு இருக்கையில இன்னொண்ணு எதுக்குன்னு விட்டுட்டாங்க."

தாத்தா மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பழைய மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு முப்பது வருஷம் ஓட்டிய மனிதர் அவர். ஒரு பிறப்புச் சான்றிதழை இரண்டு வருஷத்தில் வீணாக்க அவருக்கு மனம் வந்திருக்காது.

"அவளுக்கு ஒரு வெளக்கு வச்சதில்ல தம்பி," என்றாள் அத்தை. "வச்சா லயத்துல கேப்பாங்க, யாருக்கு வெளக்குன்னு. அவ செத்துட்டான்னா அப்ப நான் யாரு? மொத நாள் பெரட்டுல அவ பேர வாசிச்சாங்க. எனக்கு வாயி வரல. கணக்கப்புள்ள ரெண்டாந்தரம் கூப்பிட்டாரு. பாவம், அவளுக்கு யாரு இருக்கா, நான்தானே சொல்லணும்னு சொல்லிட்டேன். அதுலேருந்து எவ பேர கூப்பிட்டுப் பதில் வரலன்னாலும் எனக்கு நெஞ்ச அடைக்கும்."

(அவள் இறந்தபோது அவளுக்கான மரணப் பதிவும் அக்காவின் பெயரில்தான் எழுதப்பட்டது. நான்தான் போய் எழுதினேன். பதிவுகளை மட்டும் நம்புகிறவர்களுக்கு, எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் ஒரு தடவை பிறந்து இரண்டு தடவை இறந்தாள். இன்னொரு பெண் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. குடும்ப மரம் வரைய நான் வாங்கியிருந்த இரண்டு வழிகாட்டிப் புத்தகங்களிலும் இதற்கு அத்தியாயம் இல்லை.)

மச்சான் கத்தியோடு வந்தான்.

"தள்ளும்மா. கிழிச்சிடலாம்."

"கிழிக்காத. அவ பேரு இருக்கட்டும். புதன்கெழமையும் இருக்கட்டும். என் மூஞ்சிய மட்டும் வெட்டி எடு. என் மூஞ்சி இல்லாட்டி அந்த கிராம சேவகரு எதப் பாத்துக் கேள்வி கேப்பாரு?"

மச்சான் யோசித்தான். அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது. படம் இல்லாவிட்டால் அது எப்போதோ இறந்த ஏதோ ஒரு குழந்தை. வீட்டு லிஸ்ட்டில் இருக்கிற கிழவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கத்தியை என்னிடம் நீட்டினான். "நீதானே கொன்ன. நீயே வெட்டு."

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டினேன். என் வாழ்நாளின் மிகப் பெரிய ஆராய்ச்சி நூலின் நடுவில் ஒரு ஓட்டை. அதன் வழியாக மண்டபத்தின் சமையல்கட்டு தெரிந்தது. அத்தை தன் படத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்து நடந்ததற்கு யாரும் திட்டம் போடவில்லை. மச்சானின் பேத்தி, இரண்டு வயதுக்காரி, சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு பதாகைக்குப் பின்னால் போய், அந்த ஓட்டை வழியாக முகத்தை நீட்ட வைத்தாள். முன்பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். அழுகை நின்றது. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, அதற்கு மேலே சோறு ஒட்டிய ஒரு கன்னம், வெளியே தெரிந்த இரண்டு பல். யாரோ படம் எடுத்தார்கள்.

அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்த அத்தனை குழந்தைகளும் வரிசைக்கு வந்துவிட்டார்கள். என் தம்பி பிள்ளைகள், மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள், மேளக்காரரின் மகள். ஒவ்வொருத்தராக அத்தை தூக்கிப் பிடித்தாள். பெரியவர்கள் தலையும் நுழையுமா என்று மாப்பிள்ளையின் சித்தப்பா முயற்சி செய்ய, அவர் காது மாட்டிக்கொண்டது. ஆளுக்கு ஆள் கத்திச் சிரித்தார்கள். அந்தப் பெட்டியில் எழுதியிருந்த பெயரை அன்றைக்கு நூறு தடவையாவது யாராவது சத்தமாக வாசித்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஓட்டையிலிருந்து ஒரு பிள்ளை பதிலுக்குக் கத்தியது.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. மூன்றாவது கிளையில் அக்கா வந்துவிட்டாள். தங்கைக்கு மரத்தில் ஓர் இடமும் இல்லை. பதாகை ஓரமாகக் குனிந்து கேட்டேன்.

"அத்தை, நீங்க இதுல எங்கயுமே இல்லையே. உங்களுக்கு ஒரு பெட்டி போடணுமே. ஒரு பேரு சொல்லுங்க, எந்தப் பேரா இருந்தாலும் சரி."

"எனக்கு எதுக்குப் பொட்டி?" பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே வந்தது குரல். "இந்தப் புள்ளையப் புடிச்சிக்கிட்டு நிக்க ஒரு ஆளு வேணும்ல. நான் இருக்கேன். நீ படத்த எடு."

எடுத்தேன். அந்தப் படத்தில் குழந்தையின் கழுத்துக்குக் கீழே, ஓட்டையின் விளிம்பில், ஒரு விரலின் நுனி தெரிகிறது. கொழுந்துக் கறை ஏறிய நகம். அத்தை எங்கள் குடும்ப மரத்தில் இருப்பதற்கு என்னிடம் உள்ள ஆவணம் அது ஒன்றுதான்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, கண்டியிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார்கள். பேச்சின் நடுவே பதாகையைப் பற்றி அவர்களாகவே எடுத்தார்கள். எட்டு மாத உழைப்பை யாராவது ஒருவர் கவனித்தாரே என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க அக்கா பேத்திக்கு வர்ற மாசம் பொறந்தநாளுங்க. புள்ளைங்க எல்லாம் இன்னும் அதையேதான் பேசுதுங்க. எந்தக் கடையில செஞ்சீங்கன்னு சொன்னீங்கன்னா நாங்களும் ஒண்ணு செஞ்சுக்குவோம். அந்த மரமெல்லாம் வேணாம் சம்பந்தி, ஓட்டை மட்டும் போதும்."